சில்லென்று இருந்தால் நல்லது என்று நினைத்தோம்

அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் ரயிலுக்காக நிற்கும்போது யாராவது ஒரு பெண் மெதுவாகப் பக்கத்தில் வந்து நிற்பாள். எந்த ஊர், என்ன மீன் என்று பேச்சுக் கொடுத்துவிட்டு, கண்ணை என் மாராப்புப் பக்கம் ஓட்டிக்கொண்டே, "நீங்கதானேக்கா அந்த ஆபரேசன் பண்ணிக்கினது?" என்பாள். இப்படி நாலு பேருக்குச் சொல்லியாயிற்று. ஐந்தாவது ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ரயில் வந்துவிட்டது. என்னை இரண்டாம் முறை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனதுவரை கேட்டுவிட்டு, அவள் முகம் வெளுத்து ஏறிப் போனாள். அந்த இடத்தில் நிறுத்தினால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? அதனால்தான் முழுசாக எழுதுகிறேன். என் பெயர் தேசம்மா. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் இருக்கிறேன். வயது நாற்பத்திரண்டு, தொழில் மீன் விற்பது. பத்தாவது வரை படித்தவள். எழுத்து கோணலாக வரும், விஷயம் நேராகத்தான் இருக்கும்.

இடது மார்பில் கட்டி இருப்பது கூடை இடித்துத்தான் தெரிந்தது. ஏலத்தில் எடுத்த மீனை அன்னக்கூடையில் போட்டு, முதலில் இடுப்புக்கு ஏற்றி, அங்கிருந்து ஒரே தூக்காகத் தலைக்கு ஏற்றுவோம். ஒருநாள் அப்படி ஏற்றும்போது விளிம்பு பட்டு வலித்தது. வலி போனபிறகும் அங்கே புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டது. இடித்த வீக்கம்தான் என்று நானே முடிவு கட்டி, ஆறு மாதம் தைலம் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கப் புளியங்கொட்டை எலுமிச்சம்பழம் ஆனது. கூடை இடித்ததால் வந்த கட்டி இல்லையாம் அது. முன்பே இருந்த கட்டியைக் கூடை காட்டிக் கொடுத்திருக்கிறது. நான்தான் புரிந்துகொள்ளவில்லை.

பொன்னேரியில் பார்த்த டாக்டர் தொட்டுப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். அவர் பேசியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் மேமோகிராம் எடுத்தார்கள். மார்பை இரண்டு தகட்டுக்கு நடுவில் வைத்து அழுத்தி எடுக்கிற படம் அது. பிறகு பயாப்சி, அதாவது ஊசி போட்டு உள்ளேயிருந்து ஒரு துணுக்கை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் நான் மீன் விற்றேன். சில்லறை தப்பாகக் கொடுத்தேன். இறாலைக் கேட்டவளுக்கு நண்டைப் போட்டேன். புற்றுநோய் என்று சொன்ன அன்று அழக்கூட இல்லை. கூடவந்த வீட்டுக்காரர் எத்திராஜ்தான் படிக்கட்டில் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

இடது மார்பை முழுசாக எடுத்தார்கள். பிறகு கீமோ, அதன் பிறகு கரண்ட் வைத்தார்கள். ரேடியேஷன் என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். முடி கொட்டியது, நகம் கறுத்தது, மீன் வாசனையே குமட்டியது. மீன்காரிக்கு மீன் குமட்டினால் என்ன பிழைப்பு? அதையெல்லாம் நீட்டி எழுதப்போவதில்லை. பட்டவர்களுக்குத் தெரியும்.

நான் சொல்லவந்தது ஸ்பாஞ்சைப் பற்றி. எடுத்த இடம் தட்டையாக இருந்ததால் ரவிக்கைக்குள் ஸ்பாஞ்ச் வைத்துக்கொண்டேன். உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது சரி. நான் படகிலிருந்து இடுப்புத் தண்ணீரில் இறங்குகிறவள். ஸ்பாஞ்ச் ஏரித் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், ஒரு பக்கம் இழுக்கும், நாள் முழுக்கச் சொட்டும். ஒருநாள் ஏலம் நடக்கிற இடத்தில், முப்பது நாற்பது பேருக்கு நடுவே, இரண்டு கையையும் உயர்த்திக் கூடையைத் தலைக்கு ஏற்றினேன். ஸ்பாஞ்ச் ரவிக்கைக்கு வெளியே நழுவிக் காலடியில் விழுந்தது. ஏலம் விடுகிறவர் தொகையைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

அப்போது என் நாத்தனார் அஞ்சலை ஒரு கோணியைத் தூக்கி அதன்மேல் போட்டாள். அவளும் மீன்காரிதான். எங்களுக்குள் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. பொன்னேரியில் நான் உட்காரும் இடத்தில் அவள் கூடையை இறக்கினாள் என்று தொடங்கிய சண்டை. கோணியோடு சேர்த்து அதை வாரி என் மடியில் திணித்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்து, "இன்னா பாக்கறீங்க? அவங்கவங்க மீன பாருங்க" என்று கத்தினாள். வீடு வரை கூடவே நடந்து வந்தாள். அன்றைக்கு நான் விற்கப் போகவில்லை. அடுத்த ஒரு மாதம் இரண்டு கையையும் உயர்த்தவே எனக்குப் பயமாக இருந்தது.

சென்னைக்குச் செக்கப்புக்குப் போனபோது அங்கே என்னைப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். மார்பைத் திரும்ப உண்டாக்கும் அறுவைசிகிச்சை இருக்கிறது, உன் காப்பீட்டு அட்டையிலேயே செய்யலாம் என்று அவர் சொன்னபோது என்னைக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். மூன்று வழி சொன்னார். ஒன்று, சிலிக்கான் பை வைப்பது. ரேடியேஷன் பட்ட தோலில் அது சரியாக உட்காராதாம். இரண்டு, முதுகுச் சதையைத் திருப்பி முன்னால் கொண்டுவருவது. கனம் தூக்குகிற கையின் வலு கொஞ்சம் குறையலாம் என்றார். நான் உடனே வேண்டாம் என்றேன். மூன்று, அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் அப்படியே எடுத்து மார்பில் வைப்பது. அதற்கு ரத்தம் போக வேண்டுமே? அதனால் அதன் ரத்தக்குழாயை மார்பில் இருக்கும் குழாயோடு மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைப்பார்களாம்.

"தச்ச எடத்துல ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கிட்டா அந்தச் சதை செத்துடும், தேசம்மா. முதல் சில நாள்தான் அந்த ஆபத்து. அடைச்ச உடனே தெரிஞ்சா திறந்து சரி பண்ணிடலாம். லேட்டானா எடுத்துத் தூரப் போட வேண்டியதுதான். வயிறு ஒண்ணுதான் இருக்கு, மறுபடி எடுக்க முடியாது" என்றார்.

வீட்டில் சொன்னேன். எத்திராஜ் வலையைப் பிரித்துக்கொண்டே, "இன்னாத்துக்கு மறுபடியும் கத்தி? எனக்கு ஒண்ணும் கொறையா தெரியல" என்றார்.

"ஒனக்கு இல்லய்யா. எனக்கு" என்றேன்.

அவர் பிரித்த வலையையே மறுபடி பிரித்துக்கொண்டிருந்தார். பயந்துவிட்டார் என்பது மட்டும் தெரிந்தது. எனக்கும் பயம்தான். உயிருக்காக அறுத்துக்கொண்டால் ஊர் பாவம் என்று சொல்லும். இதற்காகப் படுத்து ஏதாவது ஆகிவிட்டால், கொழுப்பு என்று சொல்லுமே! ஆஸ்பத்திரிக்குக் கூட வர யாரைக் கேட்பது என்று விழித்துக்கொண்டிருந்தபோது, அஞ்சலை ஒரு பையில் இரண்டு புடவையும் போர்வையும் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "கூப்பிட மாட்ட. ரோசக்காரி. நானே வந்துட்டேன்" என்றாள்.

ஆபரேஷன் அன்று காலை டாக்டரம்மா என்னை நிற்கவைத்து, மார்க்கர் பேனாவால் வயிற்றில் கோடு போட்டார். திரும்பிப் போய்விடலாமா என்று கேட்க வாய் வரை வந்தது. வெளியே எத்திராஜ் நின்றிருந்தார். அன்றைக்கு அவருக்கு ஏரியில் பாடு. நல்ல இடத்தில் வலை போடும் முறை எங்கள் ஊரில் ஆளுக்கு ஒருநாள் என்று சுற்றிவரும். அதைப் பாடு என்போம். தவறவிட்டால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். இறால் படுகிற நேரத்தில் யாரும் பாட்டை விடமாட்டார்கள். அவர் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவர் என்னிடம் சொல்லவில்லை, அஞ்சலைதான் சொன்னாள். அதைக் கேட்ட பிறகு எப்படித் திரும்பிப் போவேன்?

காலையில் உள்ளே போனவள் சாயங்காலம்தான் வெளியே வந்தேன். கண் விழித்தபோது உடம்பு மடக்குக் கத்தி மாதிரி பாதி மடங்கிக் கிடந்தது. வயிற்றைத் தைத்திருப்பதால் நிமிர்த்த மாட்டார்கள். இரண்டு பக்கமும் டியூப், அதன் முனையில் பாட்டில், அதில் சிவப்புத் தண்ணீர். காயத்தில் ஊறும் நீரை வெளியே எடுப்பதற்கு அது. ஃபேன் கிடையாது. இரண்டு போர்வை. குளிர் பட்டால் ரத்தக்குழாய் சுருங்கும் என்று அறையையே சூடாக வைத்திருந்தார்கள். டீ, காபியும் கூடாது.

ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் வந்து பார்ப்பாள். சின்னப் பெண், சிரித்த முகம். புதிதாக வைத்த சதையை விரலால் அழுத்தி, விரலை எடுத்து, நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பாள். பேனா மாதிரி ஒரு கருவியை வைப்பாள். உள்ளே ரத்தம் ஓடும் சத்தம் ஸ்பீக்கரில் வரும், தூரத்தில் போகும் இன்ஜின் படகு மாதிரி. எனக்கு அந்த இடத்தில் உணர்ச்சி கிடையாது. நரம்பு அறுபட்டதால் மரத்துத்தான் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அவள் அழுத்துவதைக் கண்ணால்தான் பார்ப்பேன். நாங்கள் மீனை அழுத்துவதைப் போலவே அழுத்துகிறாளே என்று அஞ்சலையிடம் சொன்னேன். அவளும் அதையேதான் நினைத்திருக்கிறாள்.

"நீங்க கை வைக்கக் கூடாது ஆன்ட்டி. எதுனாலும் பெல் அடிங்க" என்று நர்ஸ் தெளிவாகச் சொல்லியிருந்தாள். சூடாக இருக்க வேண்டும் என்றும் முதல் நாளே சொன்னாளாம். மயக்கத்தில் அது என் காதில் ஏறவில்லை. அவர்கள் மேல் பழி போட எனக்கு இடமில்லை.

மூன்றாம் நாள் நர்ஸ் வருவது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்று ஆனது. நல்ல முன்னேற்றம் என்றார்கள். எனக்கோ அதுவே பயமாக இருந்தது. ஏன் பயம் என்று உள்ளதைச் சொல்கிறேன். வெட்டி எடுத்த சதை, ஐஸ் இல்லாமல், இந்தப் புழுக்கத்தில் மூன்று நாளாகக் கிடக்கிறது. இருபது வருடம் மீன் விற்றவளுக்கு வேறு என்ன தோன்றும்? அழுகிவிடும், அழுகிவிடும் என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

பகல் பன்னிரண்டுக்கு நர்ஸ் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனாள். ஒரு மணி வாக்கில் அஞ்சலை ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை. போர்வையை விலக்கிப் புறங்கையை வைத்தேன். மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், விற்கிற நாங்கள் புறங்கையால்தான் பார்ப்போம். சில்லென்று இருந்தால் கவலை இல்லை. வெதுவெதுப்புத் தட்டினால் அந்தக் கூடை போச்சு.

சில்லென்று இருந்தது. எனக்கு உயிர் திரும்பி வந்தது மாதிரி இருந்தது.

"அஞ்சல, நீ வெச்சுப் பாரேன்" என்றேன்.

அவள் எச்சில் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வைத்தாள். குனிந்து பார்த்தாள். நறுக்கி வைத்த வஞ்சிரம் மாதிரி வெள்ளையாக இருந்தது. "சில்லுனு கீது அண்ணி. சுத்தமா கீது. இனிமே ஒண்ணும் ஆவாது, நிம்மதியா தூங்கு" என்றாள்.

கை வைக்கக் கூடாது என்று சொன்ன இடத்தில் கை வைத்ததால் நர்ஸிடம் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை. நல்ல செய்திதானே? மூன்று நாளில் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்று மணிக்கு நர்ஸ் வந்து அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். பேனாவை வைத்தாள். படகுச் சத்தம் வரவில்லை, கரகரவென்று வெறும் இரைச்சல். இடத்தை மாற்றி மாற்றி வைத்தாள். முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "இதோ வர்றேன் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் ஓடியிருந்தால் பரவாயில்லை. ஓடக் கூடாது என்று தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு நடந்தாள். அதைப் பார்த்துத்தான் ஏதோ தப்பு என்று எனக்குத் தெரிந்தது.

டாக்டரம்மா வந்து ஊசியால் குத்தினார். வலிக்கவில்லை, ரத்தமும் வரவில்லை. சார்ட்டைப் பார்த்தார். "பன்னெண்டுக்கு நல்லா இருந்திருக்கு. எப்ப மாறுச்சு? யாராவது கவனிச்சீங்களா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் திட்டு வாங்குவதில்தான் அப்போதும் பயம். நான் கை வைத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று சொல்லிவிடுவார்களோ என்று நாக்கு ஒட்டிக்கொண்டது. அஞ்சலை என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, "ஒரு மணிக்கே சில்லுனு இருந்துச்சு மேடம். நாங்க ரெண்டு பேரும் கை வெச்சுப் பாத்தோம். நல்லாகீதுனு நெனச்சிக்கினோம்" என்றாள்.

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணிதானே? சரியாச் சொல்லுங்க."

"சாதம் ஊட்டிக்கினு இருந்தேன் மேடம். அப்பதான் சாப்பாட்டு வண்டி பக்கத்து பெட்டாண்ட வந்துச்சு."

"ரெண்டு மணி நேரம். இன்னும் டைம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே திரும்பி, "தியேட்டரை ரெடி பண்ணச் சொல்லுங்க, இப்பவே" என்றார். மயக்க மருந்து டாக்டர் வந்து, "சாப்பிட்டாங்களா?" என்று கேட்டு நெற்றியைச் சுருக்கினார். வயிற்றில் சோறு இருக்கும்போது மயக்கம் கொடுப்பது ஆபத்தாம். ஆனாலும் காத்திருக்க நேரமில்லை. காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

வராண்டாவில் தள்ளிக்கொண்டு போகும்போது அஞ்சலை கூடவே ஓடிவந்தாள். "நாந்தான் அண்ணி கெடுத்துட்டேன். தூங்குனு சொன்னேனே பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "நானுந்தாண்டி தொட்டேன்" என்றேன். வேறு என்ன சொல்ல? வயிறு ஒன்றுதான், வயிறு ஒன்றுதான் என்று அதுவே மண்டைக்குள் ஓடியது. ஸ்டேஷனில் கேட்ட அந்த ஐந்தாவது பெண் இந்த இடத்தில்தான் ஏறிப் போனாள்.

மறுபடி கண் விழித்தபோது தொண்டை எரிந்தது. மார்பைப் பார்க்கத் தைரியம் இல்லை. தட்டையாக இருந்தால் என்ன செய்வேன்? கண்ணை மூடிக்கொண்டே கிடந்தேன். அந்த நர்ஸ் பெண் என் வலது கையை எடுத்து, அவளே புறங்கையைத் திருப்பி, அந்த இடத்தில் வைத்தாள்.

"எப்படி இருக்கு ஆன்ட்டி?"

"சூடா கீது" என்றேன். மீன் விற்ற பழக்கத்தில் ஒரு கணம் பயந்தேன், இங்கே சூடு என்றால் உயிர் என்று அப்புறம் புரிந்தது. பிறகுதான் அழுதேன், முதல் நாளிலிருந்து அழாமல் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து.

ரத்தம் கொண்டுவருகிற குழாய் அடைத்திருந்ததாம். உறைந்ததை எடுத்துவிட்டு மறுபடி தைத்திருக்கிறார்கள். நீங்கள் தொட்டதால் அடைக்கவில்லை, பெல் அடித்திருந்தால் இரண்டு மணி நேரம் முன்னாலேயே திறந்திருப்பேன் என்றார் டாக்டரம்மா. "செத்த மீன்தாம்மா சில்லுனு இருக்கணும்" என்று அஞ்சலையைப் பார்த்துச் சொன்னார். அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால், நேரத்தைச் சரியாகச் சொன்னது அவள்தான் என்றும் சொன்னார். வெளிப்பக்க ஓரத்தில் ஒரு விரல் அகலம் மட்டும் பிழைக்கவில்லை. அது கறுத்து, பத்து நாள் கழித்து வெட்டி எடுத்துத் தைத்தார்கள். மீதி நின்றது.

மிச்ச நாளெல்லாம் நர்ஸைவிட நான்தான் அதிகம் அழுத்திப் பார்த்திருப்பேன், இந்த முறை அவளிடம் கேட்டுவிட்டு. எத்திராஜ் அடுத்தடுத்த பாட்டையும் விட்டுவிட்டு வந்து கட்டில் அருகே நிற்பார். எனக்கு டீ கூடாது என்பதால் தானும் குடிக்காமல் நிற்பார். போய்க் குடித்துவிட்டு வாய்யா என்று விரட்ட வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்து நான்கு மாதம் கனம் தூக்கக் கூடாது என்றார்கள். ஆசையாகக் கேட்கிறவர்களுக்கு உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது பழைய மார்பு இல்லை. கொஞ்சம் சின்னது, காம்பு இல்லை, வேண்டுமானால் பிறகு செய்யலாமாம். வயிற்றில் இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்குத் தழும்பு. புது மார்பைத் தொட்டால் எனக்குத் தெரியாது. மரத்த இடம் என்பதால் சூட்டு ஒத்தடம் கொடுக்கக் கூடாது, வெந்தாலும் தெரியாது. நோய் திரும்பி வருமோ என்கிற பயமும் போகவில்லை. செக்கப்புக்குப் போகிற வாரம் இப்போதும் சில்லறை தப்பாகத்தான் கொடுக்கிறேன்.

மறுபடி ஏலத்துக்குப் போன முதல் நாள் மார்கழி மாதம். விடிந்தும் விடியாத நேரம். ஏரிக்காற்று ஊசியாகக் குத்தியது. மீனைப் பொறுக்கி ஐஸோடு கூடையில் போட்டேன். ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. கூடையை இடுப்புக்கு ஏற்றப்போனவள் அப்படியே நின்றுவிட்டேன். அந்த இடத்தில் குளிர் ஏறியிருக்குமோ? புறங்கையை வைத்துப் பார்த்தேன். ஐஸில் இருந்த கை, என்ன தெரியும்? கைதான் சில்லென்று இருக்கிறதா, சதையா? ஒட்டிப் பிழைத்துவிட்ட சதை ஐந்து மாதம் கழித்துச் செத்துப்போகுமா என்று யாரைக் கேட்பது?

எதிரில் கூடை கட்டிக்கொண்டிருந்த அஞ்சலை என் முகத்தைப் பார்த்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். அக்குளில் வைத்துக் கொஞ்ச நேரம் சூடேற்றிக்கொண்டாள். பக்கத்தில் வந்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி என்னை மறைத்துக்கொண்டு, மாராப்புக்குள் கையை விட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் அவசரப்படவில்லை. புறங்கையைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

"சூடா கீது அண்ணி" என்றாள். "நீ கூடைய தூக்கு."

இடுப்புக்கு ஏற்றினேன். வயிற்றுத் தழும்பு இழுத்தது. இரண்டு கையையும் உயர்த்தித் தலைக்கு ஏற்றினேன். ஏலக்காரர் தொகையைச் சொல்லிக்கொண்டே இருந்தார், யாரும் நிறுத்தவில்லை. பழைய பயத்தில், குனியாமல் கண்ணை மட்டும் இறக்கிக் காலடியைப் பார்த்தேன். கூடையிலிருந்து சொட்டின ஐஸ் தண்ணீர் மட்டும் மணலில் இறங்கிக்கொண்டிருந்தது.